நான்கு நொடி!

இத்தாலி நாட்டில், நேப்பிள்சிலிருந்து உரோமுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையை ஒட்டி, மிக்னானோ என்றோர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரை நம் தோழர்கள் அறிந்திருக்க வேண்டுமென்று எவரும் எதிர்பார்க்கமாட்டார்கள். கடல் பல கடந்து கிடக்கும் மலையடிவாரத்துச் சிற்றூர்; அறியாமலிருப்பதில் குற்றமில்லை. ஆனால் கீழ்ஒட்டிவாக்கம் என்ற பெயரையும் நாம் அறியோமே, அதற்கு என்ன மறுமொழி சொல்லப்போகிறோம்? திண்டிவனத்திலிருந்து வடக்கே புறப்பட்டால், பழைய தென்னார்க்காட்டின் எல்லை முடிந்து பழைய செங்கற்பட்டு மாவட்டம் தொடங்குகிறது. அந்த மாவட்டத்தின் சிற்றூர்களில் ஒன்று கீழ்ஒட்டிவாக்கம். அங்கே பிறந்த ஒருவர், மிக்னானோ மண்ணில், நான்கு நொடிக்குள் ஒரு முடிவெடுத்தார். அந்த முடிவைப்பற்றித்தான் இந்த ஞாயிறு பேசவேண்டும், தோழர்களே!

1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 24. இரண்டாம் உலகப்போர் இத்தாலியின் மலைகளுக்கிடையே சிக்கி நகரமாட்டாமல் நின்ற நேரம். ஒன்பது நாட்களுக்கு முன்னர்தான், பிப்ரவரி 15-இல், கசீனோ மலைமுடியிலிருந்த பழம்பெருந் துறவிமடத்தை நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசித் தூளாக்கியிருந்தன. தொடர்ந்து மலைமீதேறிய படைகளுள் நான்காவது இந்தியப் பிரிவும் ஒன்று. மடம் இடிந்தது, மலை வீழவில்லை. மழை, குளிர், சேறு. பின்வாங்கிச் சென்ற செர்மானியர், தாம் விட்டுப்போன நிலத்தையெல்லாம் கண்ணிவெடி விதைத்த கழனியாக்கிவிட்டுப் போயிருந்தனர். அந்த நிலத்துக்குள் முதலில் காலெடுத்து வைப்பவன் யார்? துப்பாக்கி ஏந்திய காலாட்படைக்காரன் அல்லன். அவனுக்கும் முன்னே சென்று, மண்ணைத் தடவித் தடவி வெடியைக் கண்டெடுத்து, பின்னால் வருவோர்க்குப் பாதை வகுத்துத் தருபவன் 'சாப்பர்' எனப்படும் பொறியியல் படைவீரன். அன்று மிக்னானோவில் அப்படிப் பாதை வகுத்துச் சென்ற குழுவின் தலைவர், மதராஸ் சாப்பர் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன்.

செர்மானியர் புதைத்த கண்ணிவெடிகளுள் ஒரு வகை உண்டு. மிதித்தவுடன் அது வெடிப்பதில்லை. ஏறத்தாழ நான்கு நொடி பொறுத்திருக்கும். பிறகு மண்ணைப் பிளந்துகொண்டு ஆளின் இடுப்பு உயரத்துக்குத் துள்ளி எழும். அங்கே வெடித்து, முந்நூறுக்கும் மேற்பட்ட எஃகுக் குண்டுமணிகளை நாற்புறமும் வாரியிறைக்கும். மிதித்த ஒருவனைக் கொல்வதோடு அதன் பசி அடங்குவதில்லை. சுற்றி நிற்போர் அத்தனை பேரையும் சாய்ப்பதற்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்ட கருவி அது. கல்விக்கும் கண்டுபிடிப்புக்கும் பேர்போன நாடு, தன் அறிவைக் கொண்டு போய் எங்கே கொட்டியது பாருங்கள்!

முன்னே சென்ற வீரரின் காலடியில் அப்படிப்பட்ட வெடியொன்று விழித்துக்கொண்டது. சுப்பிரமணியன் அதை உணர்ந்தார். அது எத்தகைய வெடி, இன்னும் எத்தனை நொடி மீதமிருக்கிறது என்பதெல்லாம் அவர் அறியாதவை அல்ல. அவருடைய தொழிலே அதுதான். நான்கு நொடியில் ஒரு மனிதன் என்ன செய்யமுடியும்? ஓடலாம், சில அடி தொலைவு போகலாம். தரையோடு தரையாய்ப் படுத்துவிடலாம். மேலே துள்ளி வெடிக்கும் வெடியாதலால், படுத்தவன் தப்புவதற்கு வழியுண்டு. படைவீரனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும் அதுவே. சுப்பிரமணியனும் படுத்தார். ஆனால் அந்த வெடியின் மேலேயே படுத்தார்!

அது துள்ளி எழ முடியவில்லை. இறைக்க வேண்டிய எஃகையெல்லாம் ஓர் உடல் வாங்கிக்கொண்டது. உடன் வந்தவர்கள் உயிரோடிருந்தார்கள், சுப்பிரமணியன் மாண்டார்.

அந்த ஆண்டு ஜூன் இறுதியில் லண்டன் அரசிதழ் அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்ட செய்தியை வெளியிட்டது. அந்தப் பதக்கத்துக்கே உரியவராக அறிவிக்கப்பட்ட முதல் இந்தியர் அவர் என்று படை வரலாறு எழுதியோர் குறிப்பர். விக்டோரியா சிலுவை எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு. 1940-இல் ஏற்படுத்தப்பட்ட ஜார்ஜ் சிலுவையோ எதிரி நேரில் நில்லாத இடத்துத் துணிவுக்கு. அப்படியென்றால் வெடியைப் புதைத்துவிட்டுப் போனவன் எதிரி இல்லையா, அவன் விட்டுச்சென்ற எஃகு எதிரியின் கையன்றோ என்று நமக்குக் கேட்கத் தோன்றும். அது பதக்கச் சட்டம் வகுத்தவர்களின் கணக்கு. அவர்களோடு நமக்கு வழக்கில்லை. நம்முடைய வழக்கெல்லாம் நம்மோடுதான்.

பட்டாளத்தில் மதராஸ் சாப்பர்களுக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு. அது என்ன பெயர் என்றெண்ணுகிறீர்கள்? 'தம்பி!' ஆம், தோழர்களே, நம் மேடையிலும் ஏட்டிலும் எத்தனையோ இலட்சம் உள்ளங்களைத் தொட்ட அதே சொல். வெள்ளை அதிகாரியும் வடபுலத்துச் சிப்பாயும் அவர்களை அந்தத் தமிழ்ச் சொல்லால்தான் அழைத்தனர். 1780-இல் சென்னையில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கப்பட்ட படை அது; பின்னர் பெங்களூரில் நிலைகொண்டது. முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகளெல்லாம் பயன்படுத்திய 'பெங்களூர் டார்ப்பிடோ' என்ற வெடிக்குழாய், 1912-இல் அந்தப் படையைச் சேர்ந்த அதிகாரியொருவர் அங்கே உருவாக்கியதுதான். பாலம் போட்டவர்கள், சாலை அமைத்தவர்கள், வெடி எடுத்தவர்கள், பிறருக்கு வழி செய்துவிட்டு வழியிலேயே விழுந்தவர்கள் — இவர்கள் எல்லாரும் தம்பிகள்! தம்பி என்ற சொல்லுக்காகக் கைதட்டத் தெரிந்த நாம், அந்தச் சொல்லையே பட்டமாகச் சுமந்து போனவர்களின் பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கும் தோழர்களை முன்னிறுத்தி இதை எழுதக் காரணம் உண்டு. விழுப்புரம் இருப்புப்பாதைச் சந்திப்பை எண்ணிப் பாருங்கள். சென்னைக்கொரு வழி, திருச்சிக்கொரு வழி, கடலூர் மயிலாடுதுறை மார்க்கமாகத் தஞ்சைக்கொரு வழி, புதுவைக்கொரு வழி, திருவண்ணாமலை வேலூர் மார்க்கமாகக் காட்பாடிக்கொரு வழி. காட்பாடியில் இறங்கினால் பெங்களூர் வண்டி. பட்டாளத்துக்குப் போக முடிவெடுத்த தென்னார்க்காட்டு இளைஞன், தகரப்பெட்டியொன்றைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வண்டிகளைத்தானே பிடித்திருப்பான்? மாதம் பிறந்ததும் அவன் அனுப்பிய மணியார்டர் வந்திறங்கியதும், ஒருநாள் அவனுக்குப் பதிலாகத் தந்தி வந்திறங்கியதும் இதே வழியில்தானே?

ஏன் போனான்? பேரரசின் மேல் கொண்ட பற்றினாலா? ஐந்தாம் ஜார்ஜையும் ஆறாம் ஜார்ஜையும் அவன் கண்டானா, அவர்கள்தாம் அவனைக் கண்டார்களா! சேரியில் பிறந்தவனுக்கு ஊர்க்கிணறு அடைத்துக் கிடந்தது. கோயில் வாயில் அடைத்துக் கிடந்தது. பள்ளிக்கூடத் திண்ணையில்கூட அவன் தள்ளி உட்காரவேண்டியிருந்தது. சேரிக்கு வெளியே பிறந்த ஏழைக்கோ, கடன் பத்திரமும் காய்ந்த நிலமும் மிச்சம். ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கதவு ஒன்றுதான் திறந்திருந்தது. அங்கே உயரத்தை அளந்தார்கள், மார்பை அளந்தார்கள். சாதியையும் கேட்டு எழுதிக்கொள்ளத்தான் செய்தார்கள். ஆனாலும் காக்கி உடையும் பூட்சும் கொடுத்தார்கள். செருப்பணிந்து தெருவில் நடக்கக்கூடாது என்று விரட்டப்பட்டவனின் மகன், பூட்ஸ் ஒலிக்க அதே தெரு வழியே விடுப்பில் வந்தான் என்றால், அந்த ஒலிக்குள் எத்தனை தலைமுறையின் கணக்குத் தீர்ந்தது என்பதை உணரவேண்டும். அந்தப் பூட்சுக்கு அவன் கொடுத்த விலை, கசீனோவிலும் பர்மாவிலும் பின்னர் வாங்கிக்கொள்ளப்பட்டது.

"எல்லாம் சரி, அவர்கள் வெள்ளையனுக்காகச் செத்தவர்கள்தாமே? ஆதிக்கத்தை எதிர்த்து வளர்ந்த இயக்கத்துக்காரர்கள் அவர்களை நினைந்து உருகுவதேன்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். மழுப்பாமல் விடை சொல்லியாகவேண்டும்.

முதலில், வெள்ளையன் இவர்களைப்பற்றி என்ன நினைத்தான் என்று பார்ப்போம். செஞ்சியிலும் வந்தவாசியிலும் ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் மோதிக்கொண்ட நாட்களில் இருபுறமும் சிப்பாய்களாய் நின்றவர்கள் நம் நாட்டவர்தாம். 1762-இல் பிலிப்பைன்சின் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயர் சென்னையிலிருந்து கப்பலேற்றிச் சென்ற சிப்பாய்களுள் சிலர் திரும்பவேயில்லை. மணிலாவை அடுத்த கைந்தா என்ற ஊரில் குடியமர்ந்துவிட்டனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். சாவாவுக்கும் பர்மாவுக்கும் சீனத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டதும் சென்னைப் படைதான். இப்படி ஒரு பேரரசைக் கட்டித் தருவதற்கு உதவியவர்களைப் பார்த்து, கட்டி முடித்த பிறகு என்ன சொன்னார்கள் தெரியுமா? இவர்கள் போர்க்குணமற்ற இனம் என்றார்கள்! சென்னைப் படைக்கும் பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் பிரபு, நெடுங்கால அமைதி தென்னாட்டானின் வீரத்தை உறிஞ்சிவிட்டதென்று தீர்ப்பெழுதினார். போர்க்குணம் சில சாதிகளுக்கும் சில மாநிலங்களுக்கும் மட்டுமே பிறவிச் சொத்து என்றோர் ஏற்பாடு படைக்குள் புகுந்தது. பிறப்பைக் கொண்டு தொழிலையும் தகுதியையும் பிரித்துவைக்கும் அந்தப் பழைய சூழ்ச்சியை எங்கே கற்றான் வெள்ளையன் என்பதை நம் தோழர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்டன. 1920-களின் இறுதிக்குள் அனைத்தும் மறைந்தன. மண்வெட்டி பிடிப்பதற்குத் தம்பி வேண்டுமே, ஆகவே சாப்பர் படை மட்டும் தப்பியது. இரண்டாம் உலகப்போர் மூண்டு, ஆள் பற்றாக்குறை தொண்டையை நெரித்ததும் அந்தப் போர்க்குணத் தத்துவம் காற்றில் பறந்தது; கலைத்த படையை 1940-களின் தொடக்கத்தில் அவர்களே மீண்டும் எழுப்பினார்கள்!

ஆக, மிக்னானோவில் அந்த வெடியின்மேல் படுத்தவர், போர்க்குணம் இல்லையென்று முத்திரை குத்தப்பட்ட மண்ணின் மகன். அவர் யாருக்காக மாண்டார்? வெள்ளையனுக்காகவா? வெள்ளையனின் பேரரசு அந்த நான்கு நொடிக்குள் அவர் உள்ளத்தில் நுழைவதற்கு இடம் இருந்திருக்குமா? அவர் கண்முன் நின்றவர்கள் தம் குழுவினர். அவர்களுக்காக மாண்டார். போரைத் தொடுத்தவன் எவனோ. அதன் நியாய அநியாயத்துக்கு அவனே பொறுப்பு. அந்த நான்கு நொடி மட்டும் பேரரசின் கணக்கில் சேராது. அதைப் பேரரசின் பேரேட்டிலேயே விட்டுவைப்பதென்றால், நமக்குரியதை நாமே அந்நியனுக்கு எழுதிக்கொடுப்பதாகும்.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். அதே ஆண்டில், அதே மாவட்டங்களிலிருந்து மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்கப்போன தமிழர்கள், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் மாண்டுகொண்டிருந்தார்கள். பால்வெட்டிய தமிழ்ப்பெண்கள் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். ஓரூரில் பிறந்த இருவர், ஒருவன் ஆங்கிலேயனின் பட்டாளத்திலும் மற்றவன் அவனை எதிர்த்த பட்டாளத்திலுமாக எதிரெதிரே நின்றிருக்கவுங்கூடும். 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் இந்திய தேசிய இராணுவத்தாருக்கு நேதாஜி எழுப்பிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த ஆங்கிலேயர் அந்த ஆண்டிலேயே வெடிவைத்துத் தகர்த்தனர். அது பகைவன் செய்தது. மற்றப் பட்டாளத்தில் போனவனின் நினைவைத் தகர்க்க எவனும் வெடிவைக்கவில்லை; அதற்கு நம் மறதியே போதுமானதாயிருந்தது.

விழுப்புரத்துக்காரரும் திண்டிவனத்துக்காரரும் புதுவைக் கடற்கரைக்குப் போகாதவர்களல்லர். கடற்கரைச் சாலையில், வெண்தூண்கள் சூழ நிற்கும் போர்வீரர் நினைவுச்சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் பிரெஞ்சுக் கொடியின்கீழ் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்டது அது. பிரெஞ்சுக்காரன் 1954-இல் ஆட்சியை விட்டு அகன்றான். ஆயினும் ஆண்டுதோறும் ஜூலை 14-இல் அங்கே மலர்வளையம் வைக்கப்படுகிறது. பிரெஞ்சு ஆதிக்கம் நல்லது என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் ஓர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பிறந்து அந்தப் போரில் மாண்ட தமிழனுக்குக் கடல்நோக்கி ஒரு நினைவுச்சின்னம் நிற்க, இப்பால் பிறந்து அதே போரில் மாண்ட தமிழனுக்கு அவன் ஊரில் என்ன நிற்கிறது? சில ஊர்களில் சலவைக்கல் பலகையொன்று உண்டு. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்று எண்ணிக்கை சொல்லும் பலகை. பெயர்? எண் இருக்கிறதே, பெயர் எதற்கு என்று நினைத்துவிட்டார்கள்!

பேரரசின் பழக்கமே அதுதான். முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மாண்டவர் எழுபதினாயிரத்துக்கும் மேல். மெசபொட்டேமியாவில் மாண்டவர்களுக்காக 1929-இல் பாஸ்ராவில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். அதன் கற்களில் ஆங்கிலேயனின் பெயர் பொறித்தார்கள். இந்திய அதிகாரியின் பெயரும் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்க்கு மட்டும், இன்ன படையில் இத்தனை பேர் என்று எண்ணைப் பொறித்தார்கள். நூறாண்டு கழிந்த பிறகு, 2021-இல், காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே ஒரு குழு அமைத்து ஆராய்ந்து, உண்மையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவராகிய 45,000 முதல் 54,000 பேர் வரை, மற்றவர்க்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. அதற்கும் மேலே குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்றது அக்குழு. இதைப் படித்ததும் நமக்குச் சினம் வருகிறது. வரவேண்டியதுதான். ஆனால் அந்த ஆணையத்தைத் தூற்றி முடித்த பிறகு நம் ஊர்ச் சாவடிக்குத் திரும்பி வந்து பார்த்தால், அங்கே எண் கூட இல்லையே!

தமிழன் வீரனை மறப்பவனா? தொல்காப்பியம், வீரனுக்குக் கல் தேடுவதில் தொடங்கி அதை நட்டு வாழ்த்துவது வரை படிப்படியாக இலக்கணம் வகுத்த நூல். விழுப்புரத்துக்கு மேற்கே, திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் நடுகற்கள் கொத்துக் கொத்தாய்க் கிடைத்திருக்கின்றன. எவன், எந்த ஊரான், எந்தப் பூசலில் பட்டான் என்று ஒவ்வொரு கல்லும் பேசுகிறது. நாடாண்ட மன்னனுக்கு எழுப்பியவை அல்ல அவை. ஆநிரை மீட்கப் போய் விழுந்த சாதாரண வீரனுக்கு எழுப்பியவை. அந்தப் பகுதியின் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதிலே வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வனைக் கடித்துக் காத்துநின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து நமக்கு அதன் பெயர் தெரிகிறது, தோழர்களே! நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த நாடு, எண்பது ஆண்டுக்கு முன் கண்ணிவெடியின்மேல் படுத்த மகனின் பெயரைக் காற்றில் விட்டிருக்கிறது.

இங்கே இன்னொரு பெயரையும் சொல்லாமல் நகர்ந்தால் நான் நேர்மையற்றவனாவேன். சொல்வதற்குக் கடினமான பெயர் அது. மேஜர் இராமசாமி பரமேசுவரன். பம்பாயில் பிறந்த தமிழர். மகார் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25 இரவு, யாழ்ப்பாணத் தீபகற்பத்தில், பதுங்கியிருந்த விடுதலைப் புலிகள் தாக்கியபோது, மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துப் போரிட்டு மாண்டார். பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. தமிழ் மண்ணில், தமிழர் கையால் மாண்ட தமிழர்! அந்தப் போர் நம் நெஞ்சில் எத்தகைய புண் என்பதை எவரும் நமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதற்கு முந்திய மாதத்தில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் மருத்துவரும் செவிலியரும் இந்தியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, முதலமைச்சராயிருந்த கலைஞர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படைக்கு வரவேற்பில்லை என்றார். சரியா, தவறா என்று அன்று நாடே வாதாடியது. என் கருத்தைக் கேட்டால், ஒரு படையெடுப்புக்கு மாலை சூட்ட மறுப்பதற்கு மக்கள் தலைவனுக்கு உரிமை உண்டு. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே மாண்டார்களே, அவர்களில் ஒருவனின் தாய் நம் ஊரில் இருந்தால், அவள் வாசற்படி ஏற மறுப்பதற்கு எந்த அரசியலும் நமக்கு உரிமை தரவில்லை. போரை அனுப்பியவனிடம் கேட்கவேண்டிய கணக்கைப் பிணமாக வந்தவனிடம் கேட்பது வீரமும் அன்று, கொள்கையும் அன்று. அவனை அனுப்பியவர்கள் டில்லியில் நாற்காலியில் இருந்தார்கள். அவன்தான் அங்கே கிடந்தான். மருத்துவமனையில் மாண்டவர்களுக்கும் சேர்த்து அழுவதற்கு நம் நெஞ்சில் இடமிருக்கிறது. ஒன்றுக்கு இடம்கொடுத்தால் மற்றொன்றை வெளியேற்றவேண்டும் என்ற நெருக்கடி இல்லை.

இனிச் செயலுக்கு வருவோம்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மயிலம், வானூர், விக்கிரவாண்டி வட்டாரங்களில் நம் கிளை இல்லாத ஊர் அருகிலும் அரிது. ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் ஊரில் ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும்: "பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் எவரேனும் இந்த ஊரில் உண்டா?" ஊரில் கேளுங்கள், சேரியில் மறவாமல் கேளுங்கள், அங்கேதான் விடை அதிகம் கிடைக்கும். நேரில் கண்டவர்கள் இன்று அரிது. ஆனால் 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று அழைக்கப்படும் வீடு இருக்கும். அந்த வீட்டுப் பரண்மேல் தகரப்பெட்டி இருக்கும். அதற்குள் மெடல் ஒன்று, பென்ஷன் புத்தகம் ஒன்று, ஆங்கிலத்தில் வந்த கடிதம் ஒன்று இருக்கலாம். மெடலின் விளிம்பில் பெரும்பாலும் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்காரணங்கொண்டும் அதை வாங்கிவர வேண்டாம். அது அவர்கள் வீட்டுச் செல்வம்.

அடுத்து, காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பதிவேட்டை இன்று கணினியிலும் கைப்பேசியிலும் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். மாண்டவரின் பெயர், படை, நாள், நினைவிடம் ஆகியவை அதில் இருக்கும். இரண்டாம் உலகப்போரில் மாண்டவர் பலருக்குத் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் ஆகியனவும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. அது 1993-இல் பிறந்த மாவட்டம். தென்னார்க்காடு என்று தேடவேண்டும். நம் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் அந்நாளைய எழுத்தர்கள் எழுதியிருக்கும் அழகைக் கண்டால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஆகவே ஒரே பெயரைப் பலவிதமாக எழுதிப் பார்க்கவேண்டும். படித்த இளந்தோழர்களுக்கு இது ஒரு மாலைநேர வேலை. ரங்கூன் நினைவிடத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள்; சிங்கப்பூர் நினைவிடத்தில் 24,000-க்கும் மேல். நம்மூர்ப் பெயர் அவற்றுள் இருக்கிறதா என்று இதுவரை எந்தக் கிளையாவது தேடியதுண்டா?

கிடைத்த பெயர்களை ஊர்ப் படிப்பகத்தின் சுவரில் எழுதுங்கள். சாதிப் பெயரைச் சேர்க்கவேண்டாம்; ஆங்கிலேயன் சேர்த்திருந்தால் நீக்கிவிடுங்கள். தந்தையின் பெயரோடு தாயின் பெயரும் தெரிந்தால் அதையும் சேருங்கள். அரசாங்கப் பதிவேடு பெரும்பாலும் அவளை விட்டுவிட்டது. ஆங்கிலேயனின் பட்டாளத்தில் மாண்டவனும், நேதாஜியின் பட்டாளத்தில் மாண்டவனும், 1947-க்குப் பின் இந்தியப் படையில் எல்லைக்கு அப்பால் மாண்டவனும் ஒரே சுவரில், ஆண்டு வரிசையில், இருக்கட்டும். அவர்களைப் பிரித்து எழுதும் வேலை நமக்கு வேண்டாம்.

சர்க்காரைக் கேட்கவேண்டியதும் உண்டு. கீழ்ஒட்டிவாக்கத்து சுப்பிரமணியனின் வரலாறு, அவர் பிறந்த மண்ணின் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாக வேண்டும். மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும், கடல் கடந்து மாண்டவர்களின் பெயரைத் தாங்கிய கல் வேண்டும். ஆனால் பெயரே திரட்டாமல் கல்லுக்கு மனுப்போட்டு என்ன பயன்? வெற்றுக்கல்லைத் தான் நட்டுவிட்டுப் போவார்கள். பட்டியல் நம் கையில் இருந்தால், பிறகு எந்த அமைச்சரின் கதவையும் தட்டலாம்.

கிளைத் தோழர்கள் திரட்டிய பெயர்களை, ஊர், தந்தை தாய் பெயர், படை, மாண்ட இடம், நாள் ஆகியவற்றோடு, தெளிவான கையெழுத்தில் இந்த ஏட்டின் முகவரிக்கு எழுதியனுப்புங்கள். பெயரை வெளியிட அந்த வீட்டார் இசைந்தார்களா என்பதையும் குறிப்பிடுங்கள். வரும் ஞாயிறுகளில், இந்தப் பக்கத்தின் அடியில், வந்த வரிசைப்படி அச்சேற்றுவோம்.